கார்னார்வன் பள்ளத்தாக்கில் பாம்பு கடித்தால் ஓர் அடிகூட நடக்காதீர்கள்

பள்ளி விடுமுறை வந்தால் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இருக்கும் கார்னார்வன் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில், நகரங்களிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். பாம்புக்கடி என்று வருகிறவர்களில் பலர் செய்திருக்கும் முதலுதவியைப் பார்த்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த இடத்துக்குக் கட்டாயம் போங்கள். பிரிஸ்பேனிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனாலும் அலுக்காத இடம். வெளியே வறண்ட காடு, உள்ளே ஓடையோரம் பனையும் பெரணியும், இரண்டு பக்கமும் வெளுத்த மணற்பாறைச் சுவர். ஓடையைத் திரும்பத் திரும்பக் கல்லில் கால் வைத்துக் கடந்து 5 கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் ‘ஆர்ட் கேலரி’ என்று சொல்லும் பாறைச்சுவர் வரும். கையையும் பூமராங்கையும் பாறைமேல் வைத்து, காவிக் குழம்பை வாயால் ஊதி அந்நிலத்தின் பூர்வகுடிகள் பதித்த உருவங்கள் 60 மீட்டருக்கும் மேலான நீளத்துக்கு இருக்கின்றன. பிட்ஜாரா, கரிங்பல் மக்களின் நிலம் அது, தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒருவரைப் பாம்பு கடித்தால் கார் நிற்கும் இடம் இரண்டு மணி நேர நடை, அதற்கப்புறம் மருத்துவமனைக்குக் காரில் நெடுந்தூரம். கைபேசியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகவே கூடாது. இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, “மெல்ல நடந்து காருக்குப் போயிடலாம்.” ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் கொடிய பாம்புகளுக்கு, முக்கியமாக இங்கே அதிக உயிர்களை எடுக்கும் கிழக்குப் பழுப்புப் பாம்புக்கு, பல் சிறியது. கடித்தது வலிக்காமலே போகலாம், முள் கீறியது போல ஒரு கோடுதான் தெரியும். தோலுக்கு அடியில் இறங்கிய விஷம் பெரும்பாலும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்தில் சேரும் நீர்) வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. நிணநீரை மேலே தள்ளுவது நம் தசைகளின் அசைவு. அதாவது நடக்க நடக்க நீங்களே விஷத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பழுப்புப் பாம்பின் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துவிடும்; சிலர் கடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மயங்கி விழுகிறார்கள், இதயம் நின்றும் போகிறது.

இதற்கான முதலுதவியை 1970களின் இறுதியில் மெல்போர்னில் விஷ ஆய்வாளர் ஸ்ட்ருவான் சதர்லாந்தும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். கடிபட்டவரை அந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை எடுத்துக் கடித்த இடத்தின்மேல் சுற்றி, இன்னொன்றைக் கால்விரலில் தொடங்கித் தொடை வரைக்கும், சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில், பேன்ட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே சுற்றுங்கள். காலை ஒரு கழியோடு சேர்த்துக் கட்டி அசையாமல் வையுங்கள். கடித்த இடம் எது என்று பேண்டேஜ் மேலேயே பேனாவால் குறியுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கழுவுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம், அது என்ன பாம்பு என்று தெரியாமலே எங்களால் சிகிச்சை கொடுக்க முடியும்.

நாங்கள் பார்க்கும் கட்டுகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும், அல்லது கடிவாயைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை இருக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஊரில் தாத்தா காலத்துப் பழக்கம் அது. அங்கேயும் தவறு, இங்கேயும் தவறு. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: நம் ஊரில் கண்ணாடி விரியன் போன்றவை கடித்தால் கடித்த இடமே வீங்கி அழுகலாம் என்பதால் இந்த அழுத்தக் கட்டை அங்கே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, அசையாமல் வைத்து வண்டியில் ஏற்றுவதுதான் அங்கே முறை. ஆஸ்திரேலியாவில் இந்தக் கட்டுதான் நேரம் வாங்கித் தரும். விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை வரும்வரை யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று வழியில் அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் மொத்தமாக உள்ளே போகும்.

பையில் இப்படிப்பட்ட பேண்டேஜ் குறைந்தது மூன்று இருக்கட்டும். நீள்சதுரங்கள் அச்சிட்டவை கிடைக்கின்றன, சரியான இறுக்கத்தில் இழுத்தால் அவை சதுரமாகும், பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் நல்லது. குழுவுக்கு ஒரு பிஎல்பி கருவியும் (ஆபத்தில் மீட்புக்குழுவை அழைக்கும் கையடக்கக் கருவி) வேண்டும். அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், ஆஸ்திரேலிய கடல் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துவிடலாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ‘ஆம்பிதியேட்டர்’ என்று சொல்லும் இடம் போன்ற ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் நின்று இயக்கினால் செய்தி போய்ச்சேரத் தாமதமாகலாம். கடிபடாத ஒருவர் வானம் நன்றாகத் தெரியும் ஓடைப் படுகைக்குப் போய் அதை இயக்கிவிட்டு, அங்கேயே விட்டுவைத்திருங்கள், கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

அப்புறம், முதல் நாள் இரவு கூடாரத்தில் ஒரு பேண்டேஜைப் பிரித்து, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஒருவர் காலில் ஒருவர் கட்டிப் பாருங்கள். அப்பாவையே பாம்பு கடித்தால் கட்டவேண்டியவர்கள் அவர்கள்தான்.