பிளாங்க் ஏறுகிறதா? நொதியைக் குறை சொல்லும் முன் கையுறையைப் பாருங்கள்

"எத்தனாலே சேர்க்கவில்லை, ஆனாலும் 340 நானோமீட்டரில் ரீடிங் ஏறிக்கொண்டே போகிறது. நொதி சுத்தமில்லை, வேறு குப்பி அனுப்புங்கள்." சாராயத்தைச் சிதைக்கும் மனித ஏடிஹெச்1பி நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கித் தருபவர்களுக்கு இந்தப் புகார் ஓய்ந்தபாடில்லை. நொதி எத்தனாலைச் சிதைக்கும்போது என்ஏடி என்ற துணைப்பொருள் என்ஏடிஹெச் ஆகிறது; அது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால்தான் ரீடிங் ஏறுகிறது. எத்தனால் சேர்க்காத ஒப்பீட்டுக் கலவை, அதாவது பிளாங்க், ஏறக் கூடாது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏறக்குறைய 40 கிலோடால்டனில் ஒரே பட்டை, அதாவது சுத்தமான நொதி, தெரியும்போதும் பழி நொதியின் மேல்தான். உண்மையான காரணம் பெரும்பாலும் மேஜையில் இருக்கும் 70 சதவீத எத்தனால் ஸ்பிரே.

"துளியூண்டு சாராயம் என்ன செய்துவிடும்?" இந்த நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கணக்குப் போடுங்கள். 70 சதவீத எத்தனால் சுமார் 12 மோலார். அதில் 1 மைக்ரோலிட்டர் 1 மில்லிலிட்டர் கியூவெட்டில் (ரீடிங் எடுக்கும் சிறு குப்பி) விழுந்தால் 12 மில்லிமோலார். புரதச் சங்கிலியின் 48ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உள்ள வகைக்கு எத்தனாலின் கேஎம் (நொதி பாதி உச்ச வேகத்தை எட்டும் செறிவு) சுமார் 0.05 மில்லிமோலார்தான், அதாவது 240 மடங்கு! அந்த 1 மைக்ரோலிட்டரில் நூறில் ஒரு பங்கு ஒட்டினாலும் 0.12 மில்லிமோலார். அதிலேயே நொதி தன் உச்ச வேகத்தில் 70 சதவீதத்தைத் தொட்டுவிடும். அந்த பிளாங்கைக் கழித்தால் மிச்சம் 30 சதவீதம். உடனே "நொதி செத்துவிட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். அதே இடத்தில் ஹிஸ்டிடின் உள்ள இன்னொரு வகையின் கேஎம் சுமார் 0.9 மில்லிமோலார். அதே கறை அதை உச்சத்தின் எட்டில் ஒரு பங்குக்குத்தான் தள்ளும். இரண்டு வகைகளையும் ஒப்பிடும் ஆய்வு அங்கேயே கோணலாகிவிடுகிறது.

ஸ்பிரே அடித்த கையுறையோடு கியூவெட்டைத் தொடாதீர்கள், மாற்றுங்கள். எத்தனாலில் கழுவிய கியூவெட்டைக் காயவைத்தால் மட்டும் போதாது, தண்ணீரில் பலமுறை அலசுங்கள். நொதியின் வேகத்தைக் குறைக்கும் தடுப்பானை எத்தனாலில் கரைக்கவே கூடாது. என்ஏடி பொடியிலும் தயாரிப்பின்போது தங்கிய எத்தனால் இருக்கலாம்; புது லாட் வந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். நொதி இல்லாத பிளாங்க் ஒன்று, எத்தனால் இல்லாத பிளாங்க் ஒன்று, இரண்டுமே வேண்டும். முதலாவது அசையாமல் இரண்டாவது மட்டும் ஏறினால், எங்கிருந்தோ எத்தனால் வந்திருக்கிறது.

பழக்கதோஷத்தில் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போடுவதையும் தயவுசெய்து விடுங்கள். இந்த நொதியின் ஒவ்வொரு துணையலகிலும் இரண்டு துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. வினையை நடத்துவதே அவற்றில் ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டால் எவ்வளவு எத்தனால் ஊற்றினாலும் கோடு நகராது.