5,000 பேரில் 1,250: கருவுறும் வயதுப் பெண்களின் கணக்கு

சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நம் நாட்டின் அளவுகோல். தமிழ்நாட்டில் அந்த நிலையத்தின் பொறுப்பில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரிடம் அவர் பகுதியில் கருவுறும் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பதிவேட்டைப் புரட்டாமலேயே ஏறத்தாழச் சரியான விடையைச் சொல்லிவிட முடியும்: மக்கள்தொகையில் கால் பங்கு, அதாவது 1,250 பேர். தொகை 5,000 ஆனாலும் 7 கோடி ஆனாலும் இந்தக் கால் பங்கு பெரிதாக மாறுவதில்லை. அதற்கான காரணம் எளிய கணக்கு ஒன்றில் இருக்கிறது.

கருவுறும் வயது என்று புள்ளியியலாளர்கள் கொள்வது 15 முதல் 49 வரையிலான 35 ஆண்டுகளை. பெண் குழந்தைகள் பெரும்பாலும் 12, 13 வயதிலேயே பூப்படைகிறார்கள். இந்தியப் பெண்களில் பலருக்கு மாதவிடாய் 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இந்த இரண்டு எல்லைகளும் உடலியல் வகுத்தவை அல்ல, கணக்கு எழுதுவோரின் வசதிக்காக வகுக்கப்பட்டவை. 35 ஆண்டுகளையும் ஐந்தைந்தாகப் பிரித்தால் ஏழு வயதுப் பிரிவுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெண்ணுக்கு ஓராண்டில் நிகழும் சராசரிப் பிறப்புகளைக் கூட்டி ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் செய்திகளில் அடிக்கடி அடிபடும் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை.

இனி அந்தக் கால் பங்கு. ஒரு நாட்டில் ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையில் குழந்தைகள் பிறக்கின்றன என்றும், எல்லோரும் ஏறத்தாழ 70 வயது வரை வாழ்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அங்கே பெண்கள் பாதிப் பேர். அவர்களுடைய 70 ஆண்டு வாழ்நாளில் கருவுறும் வயது 35 ஆண்டு, அதுவும் பாதி. பாதியில் பாதி கால். நடைமுறையில் எந்த நாடும் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. நைஜர் போலக் குழந்தைகள் நிறைந்த நாட்டில் கீழ்வயதினர் கூட்டத்தில் இந்தப் பங்கு கரைந்து காலுக்குக் கீழே இறங்குகிறது. முதியோர் மிகுந்த ஜப்பானிலோ மேல்வயதினரால் கரைந்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. குழந்தைகள் குறையத் தொடங்கி, முதியோர் இன்னும் பெருகாத இடைக்காலத்தில்தான் இது காலைத் தாண்டி உயர்கிறது. இந்தியா இன்று அந்த இடைக்காலத்தில் நிற்கிறது.

பிறப்பு விகிதம் குறைந்த பிறகும் மக்கள்தொகை ஏன் உடனே குறைவதில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06இலேயே தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8ஆக இருந்தது. பெற்றோரின் இடத்தை அடுத்த தலைமுறை முழுமையாக நிரப்பத் தேவையான 2.1ஐ விட இது குறைவு. ஆனாலும் 2001இல் 6.24 கோடியாக இருந்த மாநிலத்தின் மக்கள்தொகை 2011இல் 7.21 கோடியானது. வெளி மாநிலங்களிலிருந்து வந்தோர் ஒரு காரணம். இன்னொரு காரணம், முந்தைய தலைமுறைகளில் அதிகமாகப் பிறந்த பெண் குழந்தைகள் வளர்ந்து இந்தக் கால் பங்குக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும், பெறுவோர் அதிகமாக இருந்தால் பிறப்புகளும் அதிகமாகவே இருக்கும்.

துணை சுகாதார நிலையத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 14 குழந்தைகள் பிறக்கின்றன என்று கொண்டால், 5,000 பேருக்கு 70 பிரசவங்கள். கர்ப்பம் ஒன்பது மாதம் என்பதால், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் அந்தப் பகுதியில் கர்ப்பமாக இருப்பவர்கள் சுமார் 52 பேர். கருச்சிதைவில் முடியப்போகும் கர்ப்பங்களைச் சேர்த்தாலும் 60ஐத் தாண்டுவது அரிது. அதாவது 1,250 பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இந்த ஐவருக்குத்தான் கர்ப்பத்தை அரசிடம் பதிவுசெய்ததும் கிடைக்கும் பிக்மி எண், அட்டை, ஸ்கேன், தடுப்பூசி, உதவித்தொகை எல்லாம். அதன் பலனும் கண்கூடு: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. மற்ற 95 பேரைப் பொறுத்தவரை, திருமணமாகாதவருக்கு, கருவுறும் வயதுத் தம்பதிகளை மட்டுமே குறித்துவைக்கும் ‘தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில்’ இடமே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்தவரைத் தேடிச் செல்லக் காரணம் குறைவு. கர்ப்பிணிக்குக் கிடைக்கும் சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் அவர் இந்த 95 பேரில் ஒருவராக இருந்த காலத்தைப் பொறுத்தது என்பது பலருக்கும் தெரிவதில்லை. இரும்புச்சத்தின் கதை இதை நன்றாகக் காட்டும்.

2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது; தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. அதே வயது ஆண்களில் நாட்டளவில் இது 25 விழுக்காடுதான். இந்தக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தமே அளக்கப்பட்டது. சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தின் அளவோடு இது முழுமையாகப் பொருந்தாது என்ற விவாதம் உண்டு. ஆனால் ஆண்களையும் அதே முறையில்தான் அளந்தார்கள். ஒரே உலையில் வெந்த சோற்றை உண்ணும் இருவரிடையே இவ்வளவு வேறுபாடு வருவதற்கு உணவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

உடலிலிருந்து இரும்பை வெளியேற்றத் தனி வழி கிடையாது. தோலும் குடற்சுவரும் உதிரும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் போகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுவதால், 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு கணக்கிலிருந்து கழிகிறது. மாதம் முழுவதற்கும் பங்கிட்டால் நாளுக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்தத் தொகையை ஈடுகட்டுவது எளிதன்று. அரிசி, பருப்பு, கீரை என்று அமைந்த உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குடல் உறிஞ்சுகிறது. ஆகவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும் என்றும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்றும் இருக்கிறது. உடல் சிறியது, சாப்பாடும் பெரும்பாலும் குறைவு, தேவை மட்டும் ஒன்றரை மடங்கு.

முருங்கைக்கீரை தின்றால் இரத்தம் ஊறும் என்று பாட்டிமார் சொல்வது பொய்யன்று. எனினும் கீரையில் இரும்பு இருப்பது வேறு, அது குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்வது வேறு. தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அதன் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயிலுள்ள டானின் அதைக் குறைக்கும். குடலின் வாசலில் காவலாளி ஒருவரும் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் அந்த ஹார்மோன், உடலில் இரும்பு போதிய அளவில் இருக்கும்போதோ நோய்த்தொற்றின்போதோ பெருகி வாசலை அடைக்கிறது. ஒரு இரும்பு மாத்திரையை விழுங்கியதுமே ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் உயர்ந்தபடியே நிற்பதால், மறுநாள் விழுங்கும் மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் விழுங்கினால் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதல் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியது இதனால்தான்.

இப்போது கர்ப்பத்துக்கு வருவோம். சிசு, நஞ்சுக்கொடி, தாயின் பெருகும் இரத்தம், பிரசவத்தில் ஏற்படும் இழப்பு ஆகிய அனைத்துக்குமாக ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. நல்ல உடல்நிலையிலுள்ள பெண்ணின் சேமிப்பே பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். இரத்தசோகை உள்ளவரிடம் அதுவும் இராது. மூன்றாம் மாதத்துக்கு மேல் தொடங்கும் 180 நாள் இரும்பு மாத்திரையால் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பலாம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால், ஹீமோகுளோபின் 12 இருப்பவர் தாங்கும் இழப்பை 7 இருப்பவரால் தாங்க முடியாது. தாய் இறப்புக்கான முதன்மைக் காரணங்களில் அந்த இரத்தப்போக்கும் ஒன்று. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டம் கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கும் வாரம் ஓர் இரும்பு மாத்திரை என்று வகுத்தது இந்தக் கணக்கை அறிந்தே. பள்ளி மாணவியிடம் வளரிளம் பருவத்தினருக்கான நீல நிற இரும்பு மாத்திரையைச் சேர்ப்பது எளிது. பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் 22 வயதுப் பெண்ணிடம் எந்த நாளில், யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் சிக்கல்.

அந்த வார மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருப்பது இன்னொரு கணக்கால். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதை ஒரு பெண் கவனிக்கும்போதே அதில் பாதி நாட்கள் கடந்திருக்கும். முதல் பரிசோதனைக்கு அவர் போகும்போது எல்லாம் முடிந்திருக்கும். நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாருக்குக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைகிறது என்று பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய சோதனை 1991இல் காட்டியது.

கர்ப்பத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நீர்க்கட்டி என்று நாம் பேச்சில் குறிப்பிடும் சினைப்பைக் கோளாறு பத்தில் ஒரு பெண் என்ற அளவில் காணப்படுவது; முகப்பருவாகவும் ஒழுங்கற்ற மாதவிடாயாகவும் வெளிப்படும் அது, பின்னாளில் நீரிழிவுக்கும் வழிவிடக்கூடும். குழந்தை உண்டாகவில்லை என்ற கவலை வரும்வரை பலர் மருத்துவரிடம் போவதேயில்லை.

கருவுறும் வயதின் பிற்பகுதிக்கு வேறு தேவைகள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலோர் அதை இருபதுகளின் நடுப்பகுதியிலேயே முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகும் கருவுறும் வயதுக் கணக்கில் அவர்கள் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உருவாகும் காலமும் அதுவே. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் அதைத் தானே விரட்டிவிடும். தங்கிவிட்ட சிலரிடம் உயிரணுக்கள் படிப்படியாக மாறிப் புற்றாவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாக வளரும் நோயை இடையில் எப்போது பார்த்தாலும் தடுத்துவிடலாம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய திசு வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யக்கூடிய சோதனை. தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாகச் செய்துபார்த்துப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. 2019-21 கணக்கெடுப்பின்போது 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையாவது இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர், தமிழ்நாட்டில் பத்துப் பேர்.