ஒரு ஊரே சேர்ந்து குறைத்த அரைக் கிலோ

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டியிருக்கும் சோமர்வில், வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சின்ன நகரம். பிரேசில், ஹெய்ட்டி, எல் சால்வடோர் என்று பல நாட்டுக்காரர்கள் குடியேறிய ஊர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா எகனோமோஸ் குழுவினர் 2002-ல் அங்கே ‘ஷேப் அப் சோமர்வில்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தேவைக்கு மேல் எடை ஏறக் கூடாது. ஆனால் எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு டயட்டில் வைக்கவும் கூடாது.

இது எப்படிச் சாத்தியம்? வளரும் பிள்ளைக்கு எடை கூடத்தான் வேண்டும். உயரம் ஏறிக்கொண்டே இருப்பதால், எடை கொஞ்சம் மெதுவாகக் கூடினாலே விகிதம் தன்னால் சரியாகிவிடும். பெரியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது! பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே வயதில் அதே பாலினத்துப் பிள்ளைகளின் சராசரியிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். அதற்குப் பெயர் இசட் மதிப்பெண்.

குழு வைத்துக்கொண்ட இலக்கு, பிள்ளை கூடுதலாகச் செலவழிக்க வேண்டியது நாளுக்கு 125 கலோரி வரை. ஒரு டின் கோலாவில் இருப்பதைவிடக் குறைவு. கேட்கச் சுலபம்தான். ஆனால் பள்ளிக்குக் கால்மணி நேரம் நடந்தால், அந்த வயதுப் பிள்ளைக்கு 50 கலோரிகூடக் கரையாது. மிச்சத்துக்கு எங்கே போவது? ஊரிலிருந்த எல்லோரையும் இழுத்துப்போட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

நடையையே எடுத்துக்கொள்வோம். ‘பிள்ளையை நடந்து அனுப்புங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்லிவிடலாம். ரோட்டைக் கடக்க வழியில்லாவிட்டால் எந்த அம்மா அனுப்புவார்? நகராட்சி, பாதசாரிகள் கடக்கும் கோடுகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தது. பள்ளிக்குப் பத்திரமாக நடந்துபோகும் பாதைகளை வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிச் சமையலறைகளில் பழமும் காய்கறியும் கூடின. சில உணவகங்கள் சின்ன அளவுப் பரிமாறலை மெனுவில் சேர்த்தன; அவற்றுக்குத் திட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் விளையாட்டும் சமையலும் வந்தன. டாக்டர்களுக்கும் பயிற்சி உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமே இல்லை.

திட்டம் இல்லாத வேறு இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கல்வியாண்டு முடிவில் சோமர்வில் பிள்ளைகளின் இசட் மதிப்பெண் சுமார் 0.1 குறைந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் கணக்கில், ஏறியிருக்க வேண்டிய எடையில் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ, ஏறவில்லை.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஒல்லிப் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி இது என்பதை மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், மருந்தோ பட்டினியோ இல்லாமல் ஒரு ஊரின் சராசரியே அசைந்தது பெரிய விஷயம்.

சரி, இதில் எது வேலை செய்தது? பெயின்ட்டா, பழமா? பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் வரும் சிக்கல் இது. ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவும் இல்லை; அதனால் ஊர்களுக்கிடையே வேறு வித்தியாசங்களும் காரணமாக இருந்திருக்கலாம். இரண்டு ஆண்டு முடிவுகள் 2013-ல் வெளியானபோது வித்தியாசம் 0.06 ஆக இருந்தது. சிறியதுதான், ஆனாலும் மறைந்துவிடவில்லை. ஆய்வுக்கான காலம் முடிந்தபின்னும் நகராட்சி திட்டத்தை விடாமல் தன் சுகாதாரத் துறையின் கீழ் எடுத்து நடத்தியது.