ரூன் எழுத்துகளும் ஜெர்மனியின் 86ஏ பிரிவும்: எது குற்றம், எது குற்றமில்லை

ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, நாஜிக் கட்சி, அதன் துணை அமைப்புகள், பிற்காலத்தில் தடை செய்யப்பட்ட தீவிர வலதுசாரிக் குழுக்கள் போன்றவற்றின் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் விதிக்கலாம். கொடி, சீருடை, முழக்கம், வணக்கம் சொல்லும் முறை ஆகியவையும் சின்னங்களாகவே கருதப்படும். ஸ்வஸ்திகா இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியும். வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகளில் சிலவும் அடங்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

நாஜிக் கட்சியின் துணைப்படைகளில் ஒன்றான எஸ்எஸ்ஸின் இரட்டை மின்னல் குறியையே எடுத்துக்கொள்வோம். கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் செதுக்கப்பட்ட பழைய ரூன் வரிசையில் 'ஸ' ஒலிக்குரிய எழுத்தின் பெயருக்குச் சூரியன் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த மறைஞானவாதி கைடோ ஃபொன் லிஸ்ட், 18 எழுத்துகள் கொண்ட சொந்த ரூன் வரிசை ஒன்றை உருவாக்கி, அதில் இந்த எழுத்துக்கு வெற்றியைக் குறிக்கும் 'சீக்' என்ற பெயரைச் சூட்டினார். எஸ்எஸ் அதை இரண்டாக அடுக்கித் தன் முத்திரையாக்கிக்கொண்டது. மூதாதையர் மரபு என்று அவர்கள் பெருமை பேசிய அந்தப் பொருள், உண்மையில் சில பத்தாண்டுகளே பழையது.

ஆயினும் சட்டம் ஓர் எழுத்தின் வயதைப் பார்ப்பதில்லை. தடைக்குரிய அமைப்பு ஏதேனும் அதைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்ததா என்பதையே பார்க்கிறது. போர்க் கடவுள் டீரின் பெயர் தாங்கிய அம்பு வடிவ எழுத்தை நாஜிக் கட்சியின் மற்றொரு துணைப்படையான எஸ்ஏவின் தலைமைப் பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்தின. பரம்பரை நிலத்தைக் குறிக்கும் ஓடல் எழுத்தை எஸ்எஸ்ஸின் 'பிரின்ஸ் ஆய்கன்' பிரிவும், 1994இல் தடை செய்யப்பட்ட 'வீக்கிங் யூகெண்ட்' என்ற இளைஞர் அமைப்பும் சூடிக்கொண்டன. ஒரு கோட்டைச் சற்றே மாற்றி வரைந்தாலும் தப்ப முடியாது. பார்ப்பவர் அசலென்று மயங்கும் அளவுக்கு ஒத்திருந்தால் அதுவும் குற்றமே. மாறாக, பழைய வட ஐரோப்பியக் கடவுள் தோரின் சுத்தியலையும், மற்றொரு கடவுளான ஓடினோடு தொடர்புபடுத்தப்படும் மூன்று முக்கோணப் பின்னலையும் வெறுப்புக் குழுவினர் அணிந்தாலும், அவை தடைக்குரிய அமைப்பின் சின்னங்கள் அல்ல என்பதால் அவற்றை அணிவது மட்டுமே குற்றமாகாது. ஜெர்மனியின் வேவெல்ஸ்பூர்க் கோட்டைத் தளத்தில் எஸ்எஸ் பதித்த 'கருஞ்சூரியன்' வடிவமும் பொதுவாக இப்படித் தப்பிவிடுகிறது. சட்டத்தின் உறுத்தலான இடைவெளி இது என்றே கொள்ள வேண்டும். ஆனால் அதை அடைக்கப் போனால், இந்தக் கடவுளரை இன்றும் வழிபடுவோரின் அடையாளங்களில் கைவைக்க நேரும். ஐஸ்லாந்தில் அவர்களுடைய சங்கம் 1973 முதல் அரசு ஏற்புப் பெற்ற சமயம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் கல்லறைக் கற்களில் தோரின் சுத்தியலைப் பொறிக்க 2013 முதல் அனுமதி உண்டு.

கலை, அறிவியல், ஆய்வு, கற்பித்தல், செய்தி மற்றும் வரலாற்று விளக்கம், குடிமைக் கல்வி ஆகியவற்றுக்கு விலக்கு உள்ளது. எதிர்ப்பைக் காட்டுவதற்காகக் குறுக்குக் கோடிட்ட ஸ்வஸ்திகாவை விற்ற வணிகர் ஒருவருக்கு ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவரைத் தண்டித்தது தவறு என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2007 மார்ச் 15 அன்று தீர்ப்பளித்தது. ஓநாய்ப் பொறியைக் குறிக்கும் 'வோல்ஃப்ஸாங்கெல்' வடிவத்தை எஸ்எஸ் பிரிவுகளும் பயன்படுத்தின என்றாலும், ஜெர்மனியின் புர்க்வெடல் முதலிய ஊர்களின் இலச்சினைகளில் அது இன்றும் இருக்கிறது; அங்கே அது ஊர் அடையாளம் மட்டுமே. (அதே 2007இல் ஸ்வஸ்திகாவை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை செய்யும் யோசனை எழுந்தபோது, பிரிட்டனில் வாழும் இந்துக்கள் எதிர்த்தனர், அந்த யோசனை கைவிடப்பட்டது.)

இக்குற்றத்தை விசாரிக்கப் பாதிக்கப்பட்டவரின் மனு தேவையில்லை. கண்ணால் கண்ட எவரும் காவல் நிலையத்திலோ, மாநிலக் காவல்துறைகளின் இணையவழிப் புகார்ப் பக்கத்திலோ இடம், நேரம், படம் ஆகியவற்றுடன் தெரிவிக்கலாம். அந்தப் படத்தை விளக்கமோ கண்டனமோ இன்றிச் சமூக ஊடகத்தில் பகிராமல், காவல்துறையிடம் மட்டும் கொடுப்பது நல்லது. பகிர்பவர் மீதே இதே பிரிவு பாய வாய்ப்புண்டு.