ஊழியர் மன்றத்தை நம்பி 21 நாளைத் தவறவிடாதீர்கள்

பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிளாஸ்டிக் பைக்குள் நான்காக மடித்த கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கோலாலம்பூரிலுள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவர். கடிதம், நம் மக்கள் 'சூராட் துஞ்சோக் செபாப்' என்று சொல்லும் காரணம் கோரும் கடிதம். அனுமதியின்றி நான்கு நாள் வேலைக்கு வரவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த நான்கு நாளும் அவருடைய கணவர் மருத்துவமனையில் இருந்தார். அதற்கான சீட்டும் அதே பையில் இருந்தது. கடிதம் அவர் கைக்கு வந்து அன்றோடு 19 நாள் ஆகியிருந்தது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மன்றத்துச் செக்ரட்டரிகிட்ட கொடுத்திட்டேன் தம்பி, அடுத்த கூட்டத்துல பேசுறேன்னு சொன்னாரு" என்றார். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பதில் கொடுக்கும் தவணையோ இரண்டு நாளில் முடிகிறது.

அந்தச் செயலாளர் கெட்டவர் அல்லர். ஆனால் மன்றம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அந்த அக்காவுக்கு 22 ஆண்டுகளில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

பொதுப் பல்கலைக்கழகங்களில் ஊழியர் மன்றம் என்று நாம் சொல்வது 'மஜ்லிஸ் பெர்சாமா ஜபாத்தான்', சுருக்கமாக எம்.பி.ஜே. ஒரு பக்கம் நிர்வாகத் தரப்பு, மறுபக்கம் ஊழியர் தரப்பு. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வேலையிடத்தின் பொதுப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க அரசாங்கம் ஏற்படுத்திய ஏற்பாடு. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த மன்றத்தால் நடக்கக்கூடிய காரியங்கள் சிறியவை அல்ல. ஓவர்டைம் பணம் மாதக்கணக்கில் தாமதமாவது, ஷிப்டு அட்டவணை முன்னறிவிப்பின்றி மாறுவது, சீருடை வராதது, ஊழியர் குடியிருப்பில் குழாய் உடைந்து கிடப்பது, குழந்தைகள் காப்பகத்தில் இடமில்லாதது, இரவு ஷிப்டு முடிந்து வருபவர்கள் நடக்கும் பாதையில் விளக்கு எரியாதது ஆகிய யாவும் அங்கே எழுப்பக்கூடியவை. எழுப்பித் தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தனிப்பட்ட ஒருவருடைய ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவை அந்த மேசைக்கு வராது. தனியாள் வழக்குகளை அங்கே பேசக்கூடாது என்பதே விதி. நாடு முழுவதற்குமான சம்பள அளவையும் ஒரு பல்கலைக்கழகத்தின் மன்றத்தால் மாற்ற முடியாது. அது தேசிய அளவிலான கூட்டு மன்றங்களும், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸும் பேசவேண்டிய விஷயம்.

இங்கேதான் முதல் கண்ணி இருக்கிறது. உங்கள் கடிதத்தை மன்றச் செயலாளர் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொள்வார், 'பார்ப்போம்' என்பார், நீங்களும் விஷயம் நல்ல கையில் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்குரிய தவணை ஒரு நாள்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மன்றம் மாதக்கணக்கான இடைவெளியில் கூடுகிறது. ஒழுங்கு நடவடிக்கையின் தவணையோ நாள் கணக்கில் ஓடுகிறது.

பொதுப் பல்கலைக்கழகமும் ஒரு சட்டபூர்வ அமைப்புதான். அதன் ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை, சட்டபூர்வ அமைப்புகளுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 605ஆம் சட்டத்தின்படி நடக்கிறது. குற்றச்சாட்டு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்கவேண்டும். சனி, ஞாயிறு, தீபாவளி, ஹரிராயா எல்லாம் அந்த 21க்குள் அடக்கம். பதில் வராவிட்டால், கையிலுள்ள தாள்களை மட்டும் வைத்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவெடுத்துவிடும். நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அப்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று நம் மக்கள் பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் கூப்பிடவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான வழக்குகளில் இல்லை. உங்கள் தரப்பு என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் மட்டுமே. முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 14 நாள். வேலை நீக்கம் வரை போய் நீதிமன்ற மறுஆய்வு கேட்க நினைத்தால், உயர்நீதிமன்றத்தில் மூன்று மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும்.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தம்பியோ மச்சானோ, 'வேலையை விட்டு நிறுத்தினால் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போங்கள், 60 நாள் இருக்கிறது' என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. 1967ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தரும் அந்த வழி, சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியர்களுக்குப் பொதுவாகத் திறந்திருப்பதில்லை. அதை நம்பி இலாகாவின் கவுண்டரில் எண் சீட்டு எடுத்துக் காத்திருந்து, திருப்பி அனுப்பப்பட்டு, அதற்குள் 14 நாள் மேல்முறையீட்டையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். தனியார் பல்கலைக்கழக ஊழியருக்கு நிலைமை நேர்மாறு. அவருக்கு அந்த 60 நாள் வழி உண்டு. ஆனால் அங்கே 'ஊழியர் மன்றம்' என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் நிர்வாகம் தானாக அமைத்த குழு. சட்டத்தின் பலம் பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்குத்தான் உண்டு. தனியார் வளாகத்தில் ஒருவர் 58ஆவது நாள் வரை அந்தக் குழுவின் பதிலுக்குக் காத்திருந்தால், 61ஆவது நாள் கதவு மூடிவிடும்.

முகவரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரை வீழ்த்துவது அதுதான். அனுமதியின்றித் தொடர்ந்து ஏழு வேலை நாள் வராமல் இருப்பவருக்கு, கோப்பிலுள்ள கடைசி முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பப்படும். நீங்கள் எப்போதோ செந்தூலில் வாடகைக்கு இருந்த வீட்டின் முகவரி கோப்பில் இருந்தால், கடிதம் அங்கேதான் போகும். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை என்பது பிறகு பெரிய வாதமாக நிற்காது. வீடு மாறினால் துறைத் தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னது போதாது. மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, 'தெரிமா', அதாவது 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை குத்திய நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முத்திரை இல்லாத எந்தத் தாளும் கொடுத்த தாள் ஆகாது. அக்காவின் பதிலை அன்றிரவே மலாய் மொழியில் நான்கு பக்கம் எழுதினோம். எந்த நாள் எந்த வார்டில் இருந்தார், முதல் நாள் காலை 7.10க்கு மேற்பார்வையாளருக்கு அனுப்பிய வாட்சாப் செய்தி, மருத்துவமனைச் சீட்டின் நகல், 22 ஆண்டுகளில் வேறு குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்பது ஆகிய அனைத்தையும் எண் போட்டு இணைத்தோம். மறுநாள் கொண்டுபோனபோது மனிதவளப் பிரிவில் 'உங்கள் ஃபெக்கல்டியில் கொடுங்கள்' என்றார்கள்; ஃபெக்கல்டி அலுவலகத்தில் 'ஒழுங்கு நடவடிக்கை எங்கள் வேலை இல்லை, பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்' என்றார்கள்; பதிவாளர் அலுவலகத்தில் பொறுப்பதிகாரி கூட்டத்தில் இருந்தார், பிற்பகல் வரச் சொன்னார்கள். 22 ஆண்டுகள் அந்த வளாகத்தில் வேலை செய்தவருக்கு ஒரு தாளை எங்கே கொடுப்பது என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை. கடிதத்தின் கடைசிப் பத்தியில், யாருக்குப் பதில் அனுப்பவேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. அந்த வரியை விரலால் காட்டிய பிறகுதான் முத்திரை விழுந்தது. ஆகவே கவுண்டருக்குப் போகும்போது மூலக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த வரியின் கீழே முன்கூட்டியே கோடு போட்டு வையுங்கள். அக்காவுக்கு எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது.

மன்றத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்கு ஒரே வழி சொல்கிறேன். உங்கள் குறையைப் பொதுக் குறையாக எழுதுங்கள். 'எனக்கு மூன்று மாத ஓவர்டைம் வரவில்லை' என்று எழுதினால், அது தனியாள் விஷயம் என்று ஒதுக்கப்படும். 'இந்தப் பிரிவில் இரவு ஷிப்டு பாதுகாவலர்களின் ஓவர்டைம் மூன்று மாதமாகத் தாமதமாகிறது' என்று எழுதி, உடன் வேலை செய்பவர்களின் கையெழுத்தோடு, கூட்டப் பொருள் பட்டியல் மூடுவதற்கு முன் ஊழியர் தரப்புச் செயலாளரிடம் கொடுத்தால், அது பேசப்பட்டே ஆகவேண்டும். பிறகு கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'நடவடிக்கை' என்ற பத்தியில் ஒரு பிரிவின் பெயரும் ஒரு தேதியும் இருந்தால் விஷயம் உயிரோடு இருக்கிறது. 'மக்லுமான்' என்று மட்டும் இருந்தால், கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று பொருள். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எழுதிக் கொடுக்கவேண்டும். தனியாள் வழக்கென்றால் தொழிற்சங்கத்திடம் போங்கள். கடிதம் எழுதித் தரவும் வழி காட்டவும் அங்கே ஆள் இருப்பார்கள். கடிதம் வந்த பிறகு உறுப்பினராகச் சேரலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே சேர்ந்துகொள்ளுங்கள்.

இனி, என் மனத்தை அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். வளாகத்தில் நம் மக்களை அதிகம் எங்கே பார்க்கிறோம்? துடைப்பத்தோடும், நுழைவாயிலில் பாதுகாவலர் சீருடையோடும்தான். இவர்களில் மிகப் பலர் பல்கலைக்கழக ஊழியர் அல்லர். குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கலாம், வேலை சொல்பவர் பல்கலைக்கழக அதிகாரியாக இருக்கலாம், ஆனால் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. எம்.பி.ஜே. மேசையில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஒரே மாடியை 15 ஆண்டுகள் துடைத்த அம்மாவுக்கு ஆண்டு விடுமுறை இன்னும் 8 நாள்தான் என்றால், காரணம் இதுதான்: சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12, ஐந்துக்கு மேல் 16. குத்தகை கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய நிறுவனம் புதிய ஒப்பந்தம் போட்டு, அவருடைய சேவையை முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. துடைப்பதும் அதே மாடி, உடுத்துவதும் அதே நீலச் சட்டை.

குத்தகை மாறும் வாரத்தில் ஒரு தாள் நீட்டப்படும். 'சும்மா ஃபார்மாலிட்டி, சைன் போடுங்க அக்கா' என்பார்கள். மலாயில் 'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்' என்ற சொற்கள் எங்கேனும் இருந்தால், நீங்களே வேலையை விடுகிறீர்கள் என்று பொருள். அதில் கையெழுத்துப் போட்டால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி வரவேண்டிய பணிநீக்க இழப்பீட்டை இழக்க நேரும். அந்த இழப்பீடு, ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதிப் பணமும் போய்விடும். தானாக விலகியவருக்கும், தவணை ஒப்பந்தம் முடிந்தவருக்கும் அது கிடையாது, தகுதி உள்ளவரும் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். 'உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஒன்றும் கேட்க முடியாது' என்று நிறுவனம் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஒரே நிறுவனம் ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்திருந்தால், அது உண்மையிலேயே தவணை வேலைதானா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பதை 2020இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அதனால்தான் பழைய ஒப்பந்தத்தை ஒருபோதும் தூக்கி எறியக்கூடாது.

மாதச் சம்பளம் குறைந்தபட்ச அளவான 1,700 வெள்ளிக்குக் குறைந்தாலோ, வாரம் 45 மணிக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு வராவிட்டாலோ, மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் வராவிட்டாலோ, நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் மாதந்தோறும் பாருங்கள். சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்துவிட்டு, முதலாளி தன் 13 விழுக்காட்டோடு சேர்த்துக் கட்டாமல் இருந்தால் அங்கே வெற்றிடமாகத் தெரியும். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் 'நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை' என்று பல்கலைக்கழகம் சொல்லித் தப்ப முடியாது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள், குத்தகைக்கு வேலை கொடுப்பவருக்கும் அந்த ஆட்களின் பாதுகாப்பில் கடமை உண்டு என்கின்றன. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பெயரில்லாத புட்டியைக் கையுறை இல்லாமல் எடுக்கச் சொன்னால், மன்றத்துக்குப் போக முடியாத அந்த அம்மா இந்தக் குழுவுக்குப் புகார் எழுதலாம். விழுந்து அடிபட்டால், 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. 'கிளினிக் போய் வாங்க, பணம் நான் தர்றேன்' என்று மேற்பார்வையாளர் கையில் 50 வெள்ளியைத் திணித்தால் வாங்காதீர்கள். விழுந்த இடம், நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, கிளினிக்கில் 'வேலையிடத்தில் விழுந்தேன்' என்று சொல்லிச் சீட்டில் அப்படியே எழுதச் செய்யுங்கள். 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சீட்டில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், அதை மாற்ற நீங்கள் எத்தனை கவுண்டர்கள் ஏறி இறங்கவேண்டியிருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.