இல்லம் திறப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வாருங்கள்

மே மாதம் எங்கள் வேலையில் ஒரு தனிப் பருவம். கன்வென்ஷன் கூட்டங்களும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும் முடிந்து, ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ஆண்டவர் என்னோட பேசிட்டாரு. பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிக்கணும். என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்லுங்க." பேசுகிறவர் வள்ளியூர்ப் பக்கத்து வாலிபராக இருப்பார், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவராக இருப்பார், சில நேரம் ஓய்வுபெற்ற டீச்சராக இருப்பார். இடம் தயாராக இருக்கும், பெரும்பாலும் அப்பா விட்டுப்போன வீடு. பெயர்ப்பலகைக்கு வசனம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள்.

நான் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்யும் சமூகப் பணியாளர். சபையில் வளர்ந்தவள்தான். அழைப்பு என்ற பேச்சை லேசாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. ஆனாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: "எந்தப் பிள்ளைங்களுக்கு தம்பி?"

"பத்துப் பேரை வச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. எனக்குக் கவலை வருவது இங்கேதான். கட்டடம் முதலில் வந்துவிட்டால், கட்டிலை நிரப்பப் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். தேடினால் கிடைக்கத்தான் செய்வார்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் வீடு இருக்கும். கணவன் குடித்தே செத்துப்போன வீடு இருக்கும். அம்மா செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விட, ஆச்சியிடம் வளரும் பிள்ளை இருக்கும். அந்த வாசலில் ஒருவர் வந்து நின்று, மூன்று வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம் படிப்பு, எல்லாம் இலவசம் என்றால் யார்தான் மறுப்பார்கள்? ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "பிள்ளைய விட்டுட்டு இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையாக்கும்? நோட்டு வாங்கக்கூட வழியில்ல, அதான் அனுப்புனேன்."

நான் போய்ப் பார்த்த இல்லங்களில் தாய், தகப்பன் இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகள் கொஞ்சம்தான். மற்ற பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் இருக்கிறார்கள், அதிகமும் அம்மா. காலண்டரில் அனாதைப் பிள்ளைகள் என்று அச்சாகிறவர்கள், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இல்லம் தொடங்குகிறவர்கள் காட்டும் வசனம், திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு 1:27 ஆகத்தான் அநேகமாக இருக்கும். அதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்வேன். திக்கற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அங்கே விதவைகளும் இருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, அம்மாவைப் பீடித் தட்டோடு வீட்டிலேயே விட்டுவிட்டால் அந்த வசனத்தில் பாதியைத்தான் செய்திருக்கிறோம்.

அப்புறம், டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் பெயர் வரும். நம் பக்கத்தில் வராமல் இருக்காது. 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப் பெண் பிள்ளைகளை வளர்த்த கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமியிலிருந்து அவருடைய ஊழியம் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை அவர் தாய்நாட்டுக்குப் போகவே இல்லை. அந்த வாழ்க்கையைக் கேட்டு மனம் அசையாதவர் யார்? ஆனால் அங்கே பிள்ளை முதலில் வந்தது, கட்டடம் பிறகுதான் வந்தது. திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை எந்த வாழ்க்கைக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று ஆச்சி வீட்டில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பையனின் நிலைமை அதுவல்ல.

டோனாவூருக்கு இன்னொரு கதையும் உண்டு, அதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி ஏற்படுத்திய ஊர் அது. பெயரும் அந்தப் பிரபுவுடையதுதான். புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் அல்லாடிய காலம். அவர்களுக்கு இடம் வாங்கவென்றே 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார்கள். வாங்கிய இடத்தில் குடும்பம் குடும்பமாகக் குடிவைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைகள் இல்லத்தைவிட மூத்த வழக்கம் இது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அரசுப் பணம் வாங்காவிட்டாலும் பதிவு வேண்டும். "நாங்க யார்கிட்டயும் கை நீட்டலையே, விசுவாசத்துலதான நடத்துறோம்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிப்பதில் ஆகும் ஒவ்வொரு 30 நாள் தாமதமும் தனிக் குற்றம். ஒரு பிள்ளை ஆதரவில்லாமல் நிற்பதைப் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளை எங்கே இருப்பது என்று முடிவு செய்வது குழுதான். நாமாக வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. பெற்றவளால் வளர்க்க முடியவில்லை என்று கைக்குழந்தையை வாங்கிப் பிள்ளையில்லாத தம்பதி கையில் கொடுக்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அதற்கு மூன்றாண்டு வரை சிறை.

போட்டோ விஷயத்தை யாரும் பெரிதாக நினைப்பதே இல்லை. ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் செய்திமடல் போகிறது. அதில் பிள்ளையின் படம், பெயர், "தகப்பன் குடிகாரர், தாய் ஓடிப்போனவள்" என்று கதை. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை தன் அம்மாவைப் பற்றி அப்படி எழுதியிருப்பதை வாட்ஸ்அப்பில் பார்த்தால் என்ன ஆகும்? பார்க்கவும்தான் செய்கிறார்கள்.

இல்லமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே ஆபத்து இருக்கும் பிள்ளைகள் உண்டு, நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகப் பதிவு பெற்ற இல்லங்கள் நம் பக்கத்தில் இயங்குகின்றன. அங்கே குறைவது கட்டடம் இல்லை, ஆள். ராத்திரி காய்ச்சலில் அழும் பிள்ளையோடு விழித்திருக்க, வருஷக்கணக்கில் ஒரே முகமாக இருக்க ஆள் கிடைப்பதில்லை. நிறுவனர் ஆக வரிசையில் நிற்கிறார்கள், வார்டன் ஆக யாரும் வருவதில்லை. கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், ஆனால் நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

ஒரு பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்தே வளர்க்க வேண்டும் என்ற பாரம் உள்ளவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. தத்து வேறு, இது வேறு. குழந்தைகள் நலக் குழு அனுமதியோடு, ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் குடும்பத்தில் வைத்து வளர்ப்பது. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி திருமணமாகாதவர்களும் வயது வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பிக்கலாம். ஊழியத்துக்கென்று தனித்து வாழும் பெண்கள் நம் சபைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை.

ஆனால் அதிகம் தேவைப்படுவது இது எதுவுமே இல்லை. ஒரு வீட்டில் தகப்பன் இறந்தால் சபையின் போதகரான சேகரத்து ஐயருக்கும் உபதேசியாருக்கும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரசாங்கத்துக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும், பல நேரம் தெரியாமலே போய்விடும். அடக்க ஆராதனைக்கு ஊரே வருகிறது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணோடு தாலுகா ஆபீசுக்கு யார் போகிறார்கள்? அழைப்பு இருக்கிறது என்று சொல்லும் தம்பிகளிடம் நான் கேட்பது இந்த வேலையைத்தான். ஒரு பைக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

கணவனை இழந்த ஆதரவற்ற பெண்ணுக்கு மாதம் 1200 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் வரை நிதி ஆதரவு கிடைக்கும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, நகரத்தில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை தனி. கொட்டிக் கொடுக்கிற பணம் இல்லைதான். ஆனால் நான் பார்த்த பல வீடுகளில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள இவ்வளவு போதுமானதாக இருந்தது. குறைகிறதைச் சபை கொடுக்கலாமே. அந்தக் காலத்தில் சமைக்க அள்ளும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுத்த பெண்கள் நம் ஆச்சிமார்தான்.

விண்ணப்பம் தட்டிப்போகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் சிக்கல் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். அதனால் அடக்கம் முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள். இரண்டாவது சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் இனிஷியல் மாறிய பெயர். நான்கும் ஒரே ஆள்தான் என்று கவுண்டரில் இருப்பவரிடம் சொன்னால் ஏற்க மாட்டார். தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேருடைய பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, திருத்த வேண்டியதை இ-சேவை மையத்தில் திருத்திய பிறகு விண்ணப்பத்தைக் கொடுங்கள். பிள்ளைக்கு வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் அதையும் முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும்.