எட்டுக் கட்டங்கள், ஒரே உடம்பு

நல்வாழ்வுப் பயிற்சி வகுப்புகளில் ஒரு வட்டப் படம் தவறாமல் வந்துவிடும். உடல், மனம், உறவு, வேலை, பணம், அறிவு, சுற்றுச்சூழல், ஆன்மிகம் என்று எட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நாமே மதிப்பெண் போட்டு, குறைந்திருக்கும் துண்டை நிரப்பப் பாடுபட வேண்டும். அமெரிக்க மருத்துவர் பில் ஹெட்லர் 1976-இல் வகுத்தது ஆறு பரிமாணங்கள்தான். பணமும் சுற்றுச்சூழலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

எதையும் மறந்துவிடாமல் இருக்க அந்தப் படம் உதவும். ஆனால் துண்டுகளுக்கு நடுவே அது போடும் கோடுகள் காகிதத்தில் மட்டுமே உள்ளவை.

1995-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு செய்தது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்கள் ஒருபுறம். ஏறக்குறைய அதே வயதும் குடும்ப வருமானமும் உடைய, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறுபுறம். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை வட்டமாக எடுத்துவிட்டு, காயம் எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். பராமரித்தவர்களுக்கு 48.7 நாள். அதே அளவு காயம், ஒன்பது நாளுக்கு மேல் தாமதம். வட்டப் படத்தில் இது எந்தத் துண்டில் சேரும்? உறவிலா, மனத்திலா, உடலிலா?

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும், அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ், அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்கிறது. அங்கிருந்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. சர்க்கரையைத் திரட்டிக் கையில் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. உடனடித் தேவை இல்லாத பணிகளை அடக்கிவைப்பது இன்னொன்று. காயம் ஆற வேண்டுமானால் முதலில் அந்த இடம் சிவந்து வீங்கி அழற்சி உண்டாக வேண்டும். நோய் எதிர்ப்பு அணுக்கள் விடும் சில சமிக்ஞைப் புரதங்கள்தான் அதைத் தொடங்கிவைக்கின்றன. கார்ட்டிசோல் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் அந்தப் புரதங்கள் மட்டுப்படுகின்றன. கடன்காரர் தொல்லை, மேலதிகாரியின் கோபம், வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே பாதைதான். எந்தத் துண்டிலிருந்து வந்த நெருக்கடி என்று அட்ரீனல் விசாரிப்பதில்லை.

இந்தப் பாதை கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கி, தன்னை மாற்றிக்கொண்டே நிலைத்திருப்பதுதான் உடம்பின் இயல்பு. ஏறியது இறங்காமலே போகும்போதுதான் தேய்மானம் சேர்கிறது. புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல் அந்தத் தேய்மானத்துக்கு ‘அலோஸ்டாட்டிக் சுமை’ என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பார்த்தால், சமநிலை என்று நாம் தேட வேண்டியது எட்டுத் துண்டுக்கும் சம நேரம் ஒதுக்கும் அட்டவணையை அல்ல. மொத்தச் சுமை இறங்குவதற்கு ஒரு நாளில் எங்கே இடம் இருக்கிறது என்பதைத்தான்.

நல்லதும் இதேபோல் துண்டுகளின் கோட்டைத் தாண்டும். ஷெல்டன் கோயனின் குழு 1997-இல் ஆரோக்கியமான 276 பேருக்குச் சளி வைரஸை மூக்கில் சொட்டுமருந்தாக விட்டது. மூன்று அல்லது அதற்கும் குறைந்த வகை உறவுகள் மட்டுமே உடையவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஆறு அல்லது அதற்கும் கூடுதலான வகைகள் உள்ளவர்களைவிட நான்கு மடங்கு அதிகம். வகை என்பதைக் கவனியுங்கள்: துணை, பெற்றோர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர், சங்கத்து ஆட்கள் என்று அவர்கள் தனித்தனியாக எண்ணினார்கள்.

எல்லாப் பாதைகளும் குறுக்கிடும் இடம் தூக்கம். கவலை தூக்கத்தைக் கெடுக்கும்; கெட்ட தூக்கம் மறுநாள் பசியை, பொறுமையை, வேலையைக் கெடுக்கும்; அவை மூன்றும் சேர்ந்து புதிய கவலையைக் கொண்டுவரும். இதில் மாட்டிக்கொண்டவருக்கு மாட்டிக்கொண்டதே தெரியாது என்பதுதான் சிக்கல். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 14 நாள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவு வரை கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் அவ்வளவு தூக்கக் கலக்கம் இருப்பதாக அவர்கள் சொல்லவில்லை. அப்படியிருக்க, நமக்கு நாமே போடும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

குறைந்த மதிப்பெண் விழுந்த துண்டிலேயே மருந்தைத் தேடுவதும் எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது. இரவெல்லாம் நோயாளியோடு விழித்திருக்கும் ஒரு பெண்ணிடம் தியானச் செயலியைக் கொடுத்து ‘மனத்தைக் கவனியுங்கள்’ என்பது எளிது. வாரத்தில் இரண்டு இரவு அவளுக்குப் பதிலாக விழித்திருக்க இன்னொரு ஆள் கிடைப்பது கடினம். அது உறவிலோ பணத்திலோ செய்ய வேண்டிய ஏற்பாடு. பலன் மட்டும் தூக்கத்திலும், மனத்திலும், ஒருவேளை தோலிலும் தெரியும்.